பெரட்வெஞ்சர் என்னும் ஐயச்சொல்

ஆங்கிலச் சட்ட அறிக்கைகளைப் புரட்டுவோர் இடையிடையே ஒரு பழஞ்சொல்லை எதிர்கொள்வர். ‘பெரட்வெஞ்சர்’ என்பது அச்சொல். அது தனியே வருவது மிக அரிது. ‘அப்பால்’ என்று பொருள்படும் ‘பியோண்ட்’ என்னும் சொல்லின் பின்னேதான் பெரும்பாலும் வரும். ‘இது பெரட்வெஞ்சருக்கு அப்பாற்பட்டது’ என்று நீதியரசர் ஒருவர் எழுதுவாராயின், அவ்விடயத்தில் ஐயுறுவதற்கு இடமே இல்லை என்பது அவர் கருத்து. இலண்டன் நீதிமன்றங்களிலும், அமெரிக்க நீதிமன்றங்களிலும், ஆங்கிலச் சட்டமரபைத் தழுவிய இந்திய நீதிமன்றங்களிலும் இத்தொடர் வழங்கிவருகின்றது. நாடாளுமன்றச் சொற்பொழிவிலும் பத்திரிகைத் தலையங்கத்திலும் எப்போதாவது தலைகாட்டும். வீட்டிலோ கடைத்தெருவிலோ அதனை வழங்குவார் இலர்.

பொருள் தெரியாது அகராதியைத் திறக்கும் மாணவனுக்கு அங்கே ஒரு வியப்புக் காத்திருக்கும். ‘ஒருவேளை’, ‘ஒருகால்’ என்பனவே அச்சொல்லுக்குத் தரப்படும் முதற்பொருள். ஐயம், நிச்சயமின்மை என்பன அவற்றின்பின் வருவன. ஆக, ‘ஒருவேளை’ என்று தயங்கிச் சொல்வதற்காகப் பிறந்த சொல், ‘ஒருவேளை என்ற பேச்சுக்கே இடமில்லை’ என்று அடித்துச் சொல்வதற்கே இன்று பெரிதும் பயன்படுகின்றது. சொற்கள் பொருள் மாறுவது புதுமையன்று; தமிழில் ‘நாற்றம்’ பட்ட பாடு யாவரும் அறிந்ததே. இங்கோ பொருள் மாறவில்லை. அது அப்படியே இருக்க, சொல் நிற்கும் இடம் மாறியிருக்கின்றது. காவலுக்கு வைத்த ஒருவனைக் களவுக்குத் துணையாக்கியது போன்ற இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பது ஆராயத்தக்கது.

சொல் ஆங்கிலத்திற்கு உரியதன்று. 1066இல் நோர்மன் மக்கள் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சிலிருந்து வந்து குடியேறிய எண்ணற்ற சொற்களுள் அதுவும் ஒன்று. ‘வந்து நேர்வது எதுவோ அதன்படி’ என்பது பழைய பிரெஞ்சுத் தொடரின் பொருள்; ‘வந்துசேர்தல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையே அதன் வேர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் ஆங்கில நூல்களில் அதனைக் காணலாம். சோசர் எழுதியபோது அச்சொல்லின் நடுவே டகர ஒலி இருக்கவில்லை. இலத்தீன் கற்ற பிற்காலத்தார், சொல்லின் குலப்பெருமை தோன்றவேண்டும் என்று கருதினர் போலும், அவ்வெழுத்தை உள்ளே புகுத்தினர். ஐயத்தைக் குறிக்கும் ‘டவுட்’ என்னும் சொல்லும் இதே விபத்துக்குள்ளானது. சோசர் காலத்தில் இல்லாத ஒரு பகர எழுத்து, இலத்தீன் மூலத்தை நினைவூட்டுவதற்காக அதனுள் நுழைக்கப்பட்டது. எழுத்தில் நிற்பினும் இன்றுவரை அதனை ஒருவரும் ஒலிப்பதில்லை. பண்டிதர்களின் கைவண்ணத்துக்கு எல்லா மொழிகளிலும் இத்தகைய நினைவுச்சின்னங்கள் உண்டு.

அச்சொல் ஆங்கில உள்ளங்களில் ஆழப் பதிந்தமைக்குக் காரணம் 1611இல் ஜேம்ஸ் மன்னரின் ஆணையால் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பாகும். அந்நூலில் 30 அளவிலான இடங்களில் அது வருகின்றது. இன்று எல்லோர் நாவிலும் பயிலும் ‘பெர்ஹப்ஸ்’ என்னும் சொல்லோ அந்நூல் முழுவதிலும் மூன்றே இடங்களில் வருகின்றது. ‘பெர்ஹப்ஸ்’ என்பது பிரெஞ்சு முன்னொட்டொன்றையும் வடபுலத்தாரின் ‘அதிர்ஷ்டம்’ என்னும் சொல்லையும் ஒட்டிச் செய்த கலப்புச்சொல்; 16ஆம் நூற்றாண்டிற் புழக்கத்துக்கு வந்தது. புதிதாக வந்த கலப்புச்சொல் நாளடைவிற் பழங்குடியை வெளியேற்றிவிட்டது.

அந்த 30 அளவிலான இடங்களுள் ஆறு, ஒரே உரையாடலில் அடுத்தடுத்து வருவன. ஆதியாகமத்தின் 18ஆம் அதிகாரத்தில், சோதோம் நகரின் பாவம் மிகுந்தமையால் அதற்கு வரவிருக்கும் அழிவை இறைவன் ஆபிரகாமுக்கு உணர்த்துகின்றார். ஆபிரகாம் அந்நகரத்தவன் அல்லன். அந்நகரோ பேர்போன தீநகரம். ஆயினும் அவன் எதிர்நின்று வழக்காடத் தொடங்குகின்றான். ஒருவேளை அங்கே 50 நீதிமான்கள் இருந்தால் என்ன செய்வது? அவர்களுக்காக நகரம் முழுவதையும் மன்னிப்பதாக விடை வருகின்றது. ஒருவேளை அந்த ஐம்பதில் ஐவர் குறைந்தால்? ஒருவேளை 40 பேரே இருந்தால்? 30? 20? 10? ஒவ்வொரு வினாவும் எபிரேய மூலத்தில் ‘உலாய்’ என்னும் ஐயச்சொல்லோடு வருகின்றது. ஆங்கிலத்தார் ஆறிடத்தும் ‘பெரட்வெஞ்சர்’ என்றே அதனைப் பெயர்த்தனர்.

இவ்வழக்கின் நயத்தைச் சற்று நின்று நோக்குதல் தகும். அந்நகரில் எத்தனை நல்லோர் உளர் என்பது ஆபிரகாமுக்குத் தெரியாது. தெரியும் என்று அவன் நடிக்கவுமில்லை. தெரிந்திருந்தால் எண்ணைச் சொல்லி வழக்கை முடித்திருப்பான். தெரியாமையே அவனுடைய ஒரே முதல். அந்தத் தெரியாமையைக் கொண்டு, தீர்ப்புக்கும் தண்டனைக்கும் நடுவே ஆறுமுறை ஒரு சிறு இடைவெளியை அவன் உண்டாக்குகின்றான். ஈற்றிற் பத்துப் பேரும் அகப்படாமையால் நகரம் எரிந்துபோனது என்பது கதை. எனினும் அவனுடைய ‘ஒருவேளை’ ஒருமுறையேனும் கடிந்துகொள்ளப்படவில்லை. கேட்ட ஒவ்வொரு தடவையும் விடை கிடைத்தது. அறியாமையை ஒப்புக்கொண்டு பேசுவது கோழைத்தனம் என்று கருதுவோர் இவ்வதிகாரத்தை ஒருமுறை வாசித்தல் நன்று. உலகை ஆள்பவனோடு பேரம் பேசிய துணிவு அதில் இருக்கின்றது.

ஏனைய இடங்களும் சுவையானவை. எகிப்துக்குத் தானியம் வாங்கச் சென்ற மக்களின் சாக்குகளிற் கொடுத்த பணம் திரும்பி வந்திருக்கக் கண்ட யாக்கோபு, அது ஒருவேளை கைத்தவறாக இருக்கலாம் என்று சொல்லி, இருமடங்கு பணத்துடன் அவர்களை மீண்டும் அனுப்புகின்றான். தந்தை இறந்தபின், தாம் முன்னர் விற்றுவிட்ட தம்பியாகிய யோசேப்பு ஒருவேளை தம்மைப் பகைத்துப் பழிவாங்குவானோ என்று தமையன்மார் நடுங்குகின்றனர். இவற்றினின்றும் முற்றும் வேறுபட்டது எலியாவின் வாய்மொழி. பாகாலின் தீர்க்கதரிசிகள் காலை முதற் கூவியழைத்தும் அவர்களுடைய தெய்வம் வாய்திறவாதபோது, அது ஒருவேளை நித்திரையாயிருக்கும், எழுப்பவேண்டியதுதான் என்று அவன் எள்ளிநகைக்கின்றான். நம்பிக்கை, அச்சம், ஏளனம் என்னும் மூன்றுக்கும் அந்த ஒரு சொல்லே போதியதாயிற்று.

இவ்விடங்களைத் தமிழாக்கியோர் என்ன செய்தனர் என்று பார்ப்பது பயனுடையது. யாழ்ப்பாணத்திற் பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு செய்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. பின்னர் பவர் என்பவரின் தலைமையில் ஒரு குழுவினர் செய்து 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பே புரொட்டஸ்தாந்து சபைகளில் நிலைபெற்றது. அந்நூலில் ஆபிரகாமின் வழக்கு ‘ஒருவேளை’ என்றே தொடங்குகின்றது. ஆனால் எண்ணிக்கை குறையக் குறைய அச்சொல் மறைந்து, ‘ஆலோ’ என்னும் வினையீறு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. இது மொழிபெயர்ப்பாளரின் சோர்வன்று. ஆங்கிலம் தனிச்சொல் ஒன்றாற் சுமக்கும் ஐயத்தைத் தமிழ் வினையின் வாலிலே கட்டிவிட வல்லது. எலியாவின் ஏளனத்திலும் அவ்வாறே. ‘வந்தாலும் வருவான்’ என்று நாள்தோறும் பேசும் தமிழனின் வாய்பாட்டையே அங்கே கையாண்டனர். தனியொரு ஐயச்சொல்லை நாடவில்லை. பண்டைத் தமிழுக்கும் ஒரு தனிச்சொல் இருந்தது. தொல்காப்பியர் ‘கொல்’ என்னும் இடைச்சொல்லுக்கு ஐயம் என்பதையே பொருளாகக் கூறுவார். சங்கச் செய்யுளிலும் குறளிலும் பயின்ற அது, பேச்சு வழக்கிலிருந்து ஓசையின்றி மறைந்தது. அதனை எவரும் பிடித்துவந்து, ‘கொல்லுக்கு அப்பால்’ என்று எழுதவில்லை. அந்த வகையிற் ‘கொல்’ நல்லூழ் உடையது.

ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் அச்சொல் இரு நிலைகளிலும் காணப்படுகின்றது. வின்ட்சர் நகரத்து மனைவியர் பற்றிய இன்பியல் நாடகத்திலே, வேல்ஸ் நாட்டுப் பாதிரியாகிய ஹியூ எவன்ஸ் அதனைத் தம் கொச்சை உச்சரிப்போடு கலந்து பேசுவது சிரிப்பூட்டுவதற்காக. ஐந்தாம் ஹென்றியிலோ, 1415இல் அஜின்கோர்ட் போருக்கு முந்திய இரவில் மாறுவேடம் பூண்ட மன்னன், தன் படைவீரர்களுட் சிலர் ஒருவேளை கொலைப்பழி சுமந்தவர்களாயும் இருக்கலாம் என்று ஒரு சாதாரண வீரனோடு வாதிடும்போது அது வருகின்றது. நாளை யார் சாவார் என்பது தெரியாத இரவிற் பேசப்படும் சொல்லாக அது பொருந்தி நிற்கின்றது. இதற்குமேல் ஷேக்ஸ்பியரை இங்கே இழுக்கவேண்டியதில்லை. எச்சொல்லைப் பற்றி எழுதினாலும் அவரிடம் நாலு உதாரணம் கிடைக்கும்.

இச்சொல்லின் தகுதியை உணர்ந்து பாராட்டிய பெருமை ஒரு பிரெஞ்சுக்காரருக்கு உரியது. கட்டுரை என்னும் இலக்கிய வகைக்கு அப்பெயரையும் வடிவத்தையும் தந்த மொந்தேன் 1588இல் வெளியிட்ட மூன்றாம் நூலில், முடவர்களைப் பற்றியது எனத் தலைப்பிட்டு ஒரு கட்டுரை இருக்கின்றது. முடவர் பற்றிய செய்தி அதில் ஒரு மூலையிலேதான் வரும். சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டி மனிதரைத் தீயிலிட்ட அக்காலத்து வழக்குகளே அதன் உட்பொருள். ஒருவன் தன்னுடைய ஊகத்துக்காக இன்னொரு மனிதனை உயிரோடு எரிப்பானாயின், அவன் தன் ஊகத்துக்கு இட்ட விலை மிகப் பெரிது என்பது மொந்தேனின் வாதம். அவ்விடத்தில், மனிதர் செய்யும் கூற்றுகளின் முரட்டுத்தனத்தைத் தணிக்கும் சொற்களின்மேல் தமக்கு விருப்பம் உண்டு என்று கூறிச் சிலவற்றை அவர் அடுக்குகின்றார். ‘ஒருவேளை’, ‘ஓரளவுக்கு’, ‘என்று சொல்வர்’, ‘என்று நினைக்கின்றேன்’ என்பன போன்றவை அவை. அந்நூலை 1603இல் ஆங்கிலமாக்கிய புளோரியோ, அப்பட்டியலில் ‘பெரட்வெஞ்சர்’ என்பதையும் எழுதினார். பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்புத் தமக்கு வாய்த்திருந்தால், தீர்த்துச் சொல்லும் விடைகளை விடுத்து, வினவும் பாங்கான விடைகளையே அவர்கள் வாயிற் பழக்கியிருப்பேன் என்றும் மொந்தேன் அங்கே சொல்கின்றார்.

இதனை உலகம் அறியாத ஒரு புத்தகப்புழுவின் கற்பனை என்று ஒதுக்குவதற்கில்லை. மொந்தேன் 1557 முதல் 1570 வரை போர்தோ நகரின் உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தவர். அதே கட்டுரையில், துலூஸ் நீதிமன்றத்தில் 1560இல் நடந்த புகழ்பெற்ற வழக்கொன்றையும் அவர் நினைவுகூர்கின்றார். ஆர்த்திகா என்னும் கிராமத்திலிருந்து காணாமற்போன மார்த்தேன் கெர் என்பவனின் பெயரையும் வீட்டையும் மனைவியையும் வேறொருவன் வந்து ஏற்றுக்கொண்டு சில ஆண்டுகள் வாழ்ந்தான். வழக்கு முற்றிய தறுவாயில், மரக்காலோடு ஒருவன் நீதிமன்றத்தில் வந்து நின்றான். அவனே உண்மையான மார்த்தேன் எனக் கொள்ளப்பட்டு, மற்றவன் தூக்கிலிடப்பட்டான். வழக்கை விசாரித்த நீதிபதிகளுள் ஒருவரான கொறாஸ் அதனை நூலாகவும் அச்சிட்டார்.

தூக்கிலிடப்பட்டவன் இறக்குமுன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஆகவே தீர்ப்புப் பிழையென்று சொல்வதற்கில்லை. மொந்தேனும் அவ்வாறு சொல்லவில்லை. அவ்வளவு விந்தையான, மனித அறிவுக்கு எட்டாத ஒரு விடயத்தில் மரணதண்டனை விதித்தது பெருந்துணிவு என்றே அவருக்குத் தோன்றியது. நீதிமன்றத்துக்கு இவ்வழக்கில் ஒன்றும் விளங்கவில்லை என்று அறிவிக்கும் ஒரு தீர்ப்பு வாய்பாடும் இருத்தல்வேண்டும் என்று அவர் விரும்பினார். விடை காணமுடியாத வழக்கொன்றில், இருதிறத்தாரையும் நூறு ஆண்டுகள் கழித்து வரும்படி பணித்த பண்டை ஆதென்ஸ் நகரத்து நீதிபதிகளை அவர் புகழ்ந்தார். நூறாண்டு என்பது வழக்குகள் இழுபடும் நாடுகளில் வாழ்வோருக்கு நகைச்சுவையாக ஒலிக்காது என்பது வேறு விடயம். இங்கு நோக்கவேண்டியது, ‘பெரட்வெஞ்சர்’ என்னும் சொல்லை நீதிமன்றத்துக்குள் அழைத்துச் சென்ற முதற் கட்டுரையாளர், குற்றவாளிக் கூண்டில் நிற்பவனின் பொருட்டு அதனை அழைத்துச் சென்றார் என்பதாகும். இன்று அது நீதிபதியின் ஆசனத்துக்குப் பக்கத்திலே நிற்கின்றது.

இடம் மாறியது எவ்வாறு எனின், முதலில் இலக்கண வகை மாறியது. வினையைத் தழுவி நின்ற சொல்லைப் பெயராக்கி, ‘பெரட்வெஞ்சர் இன்றி’ என்று எழுதும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டுச் சொற்பொழிவாளரிடையே பரவியது. பெயரான பின்னரே அதனை மறுக்க முடிந்தது. ‘ஒருவேளை’ என்பதனை மறுக்க இயலாது, ‘ஐயம்’ என்பதனை மறுக்கலாம். 1755இல் தம் பேரகராதியை வெளியிட்ட ஜோன்சன் இப்பெயர் வழக்கைக் குறித்துக்கொண்டே அது நயமுமன்று முறையுமன்று என்று முகஞ்சுளித்தார். 1828இல் அமெரிக்காவில் அகராதி செய்த வெப்ஸ்டர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். பெயராக வழங்குவது தவறு என்றதோடு, சொல் முழுவதுமே வழக்கொழிந்து வருவது, அழகற்றது என்றும் தீர்த்துவிட்டார். அகராதியாளரின் சாபம் பாதி பலித்தது. அவர்கள் ஏற்றுக்கொண்ட ‘ஒருவேளை’ என்னும் வழக்கு இறந்தது. அவர்கள் வெறுத்த பெயர் வழக்கு பிழைத்துக்கொண்டது.

அது பிழைத்தமைக்கு ஒரு காரணம் உண்டு. உறுதியைக் குறிக்கும் தொடர்கள் நாணயம்போல் விரைவில் தேய்வன. ஆங்கிலத்தில் ‘ஐயமில்லை’ என்று சொல்லுக்குச் சொல் பொருள்படும் ‘நோ டவுட்’ என்னும் தொடரையே எடுத்துக்கொள்ளலாம். ‘அவர் வந்துகொண்டிருப்பார், நோ டவுட்’ என்று இன்று ஓர் ஆங்கிலேயர் சொன்னால், அவர் வருவார் என்று தாம் எண்ணுவதாகவே பொருள். உறுதியாகத் தெரியும் என்பது பொருளன்று. விவாதத்தில் எதிராளியின் கூற்றை ஒப்புக்கொள்வதுபோற் காட்டி அடுத்த வரியில் மறுப்பதற்கும் அது உதவும். ஐயத்தை மறுத்த தொடரே ஐயத்தைக் குறிப்பதாயிற்று. தமிழிற் ‘சந்தேகமில்லாமல்’ என்பது மேடைப் பேச்சிற் படும் பாடும் இதற்கு அதிக தூரமில்லை. ஒரு தொடர் தேய்ந்தபின் அதனினும் பாரமான இன்னொன்று தேவைப்படுகின்றது. பழைமையின் களிம்பு ஏறிய, விவிலியத்தின் ஓசை படிந்த ‘பெரட்வெஞ்சர்’ அத்தேவைக்குக் கைகொடுத்தது. அதன் பொருள் பலருக்குத் தெரியாமல் இருந்ததும் ஒரு வசதியே.

பொருள் தெரியாமைக்குச் சான்று வேறெங்கும் தேடவேண்டியதில்லை. ‘ஐயத்தின் பெரட்வெஞ்சருக்கு அப்பால்’ என்று எழுதுவாரும் ஆங்கிலத்திற் பலர் உளர். ‘ஐயத்தின் ஐயத்துக்கு அப்பால்’ என்று தாம் எழுதுவதை அவர்கள் உணர்வதில்லை. சொல் அங்கே பொருளுக்காக நிற்கவில்லை, கம்பீரத்துக்காக நிற்கின்றது. தவில் இல்லாத ஊர்வலத்துக்குத் தகரம் தட்டுவதுபோல.

சட்டத்தின் நிலை என்ன? குற்றவியல் வழக்கில் வேண்டப்படுவது ‘நியாயமான ஐயத்துக்கு அப்பாற்பட்ட’ நிரூபணமேயாகும். ‘நியாயமான’ என்ற அடைமொழியில் ஒரு பணிவு இருக்கின்றது. ஓய்வூதிய அமைச்சருக்கு எதிராக மில்லர் என்பவர் தொடுத்த வழக்கில் 1947இல் தீர்ப்பளித்த டெனிங், இத்தரம் நிச்சயத்தை எட்டவேண்டியதில்லை என்றும், நிழலளவான ஐயமும் இருத்தலாகாது என்பது அதன் கருத்தன்று என்றும் தெளிவுபடுத்தினார். தொலைதூரத்து ஐயங்களுக்கெல்லாம் இடங்கொடுத்தாற் சட்டம் சமூகத்தைக் காக்கமுடியாது என்பது அவர் காட்டிய நியாயம். அஃதாவது, மனிதத் தீர்ப்பில் ஐயத்தின் எச்சம் ஒன்று தங்கியே தீரும் என்பதைச் சட்டம் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டு, அந்த எச்சத்தோடேயே தீர்ப்பளிக்கத் துணிகின்றது. ‘பெரட்வெஞ்சருக்கு அப்பால்’ என்று எழுதும் பேனாவோ அந்த எச்சமும் இல்லை என்கின்றது. சட்டம் கேட்டதற்கு மேலே ஒரு படி ஏறிச் சத்தியம் செய்கின்றது. சட்டவினாக்களில், எடுத்துக்காட்டாக ஒரு நியதி நெடுங்காலம் ஏற்கப்பட்டு நிலைபெற்றதா என்பதில், அத்தொடரை ஆள்வது பிழையன்று. பெரும்பாலும் அவ்வாறே ஆளப்படுகின்றது. அதே எழுதுகோல் ஒரு சாட்சியின் நினைவைப் பற்றியோ ஒருவனின் உள்நோக்கத்தைப் பற்றியோ அவ்வாறு எழுதும்போது வாசகன் விழிப்படைய வேண்டும். எங்கே காரணம் முடிந்து ஓசை தொடங்குகின்றது என்பதை அத்தொடர் பல வேளைகளிற் காட்டிக்கொடுத்துவிடும். காரணம் வலுவாக உள்ள பந்திக்கு அது தேவைப்படுவதில்லை.

தென்னாசியாவில் ஆங்கிலம் எழுதுவோர் இத்தகைய தொடர்களிற் கூடுதலான ஈடுபாடு காட்டுவர் என்ற குறை அடிக்கடி சொல்லப்படுவது. அது முற்றும் பொய்யன்று. ஆனால் ஐயத்தைப் பற்றிய வேறொரு வழக்கையும் இதே தென்னாசியர் ஆங்கிலத்துக்குத் தந்திருக்கின்றனர். வகுப்பில் எழுந்து, தனக்கு ஒரு ‘டவுட்’ இருக்கின்றது என்று மாணவன் ஆங்கிலத்திற் சொன்னால், ஆங்கிலேய ஆசிரியர் தம் கூற்றை அவன் நம்பவில்லை என்று எண்ணி முகம் சிவப்பார். மாணவனோ ‘சந்தேகம் கேட்டல்’ என்ற தமிழ் வழக்கைப் போன்ற ஒன்றையே அங்கே மொழிகின்றான். அவனுக்கு ஐயம் என்பது மறுப்பன்று, விளக்கம் வேண்டி நிற்கும் நிலை. இலக்கண ஆசிரியர்கள் இதனைப் பிழையென்று அடித்துத் திருத்துவர். சோதோமுக்காக ஆபிரகாம் கேட்டதும் இவ்வகை ஐயமே என்று அவர்களுக்கு எடுத்துரைக்கலாம். எடுத்துரைத்தாலும் புள்ளி கிடைக்காது.

அச்சொல்லின் பழைய வாழ்வு இருந்த இடமும் பிற்காலத்தில் இல்லாதொழிந்தது. 1952இல் முழுமையாக வெளிவந்த திருத்திய மொழிபெயர்ப்பில் ஆபிரகாம் ‘அப்படி 50 பேர் இருப்பதாக வைத்துக்கொண்டால்’ என்ற பாங்கிற் பேசுகின்றான். எலியாவின் வாயில் ‘பெர்ஹப்ஸ்’ வந்துவிட்டது. வாசகருக்கு விளங்கவேண்டும் என்ற நோக்கிற் செய்த மாற்றத்தைக் குறைகூற நியாயமில்லை. ஆயினும் ‘வைத்துக்கொண்டால்’ என்பது கணக்கு ஆசிரியரின் சொல். வருவது எதுவோ தெரியாது என்ற நடுக்கம் அதிலே கேட்பதில்லை.

எனினும் ஓரிடம் எஞ்சியுள்ளது. இங்கிலாந்துத் திருச்சபையின் 1662ஆம் ஆண்டுப் பொது வழிபாட்டு நூலில் உள்ள சங்கீதங்கள், ஜேம்ஸ் மன்னர் காலத்துக்கு முற்பட்ட கவர்டேலின் மொழிபெயர்ப்பைச் சார்ந்தவை. கவர்டேல் எபிரேயத்திலிருந்து பெயர்த்தவர் அல்லர். இலத்தீன், ஜெர்மன் நூல்களை வைத்துக்கொண்டு பெயர்த்தவர். இறைவனின் பார்வையிலிருந்து தப்பியோட இடமில்லை என்பதைச் சொல்லும் 139ஆம் சங்கீதத்தின் 11ஆம் வசனத்தில், இருள் தன்னை மூடிக்கொள்ளும் என்று பாடுபவன் எண்ணிப்பார்க்கின்றான். எபிரேயத்தில் அங்கே நிற்பது ஐயச்சொல் அன்று. ஆகவே 1611ஆம் ஆண்டு அறிஞர்கள் ‘நிச்சயமாக’ என்று பெயர்த்தனர். இலத்தீனில் ஒருவேளை எனப் பொருள்படும் ‘போர்சித்தான்’ இருந்தது. கவர்டேல் அதனைப் பின்பற்றிப் ‘பெரட்வெஞ்சர்’ என்று எழுதினார். ஒரே வசனம் ஒரு நூலில் நிச்சயமாகவும் இன்னொரு நூலில் ஐயமாகவும் நிற்கின்றது. மூலத்துக்கு நெருங்கியது 1611இன் பாடமே. ஆனால் ஒளிந்துகொள்ள இடம் தேடும் ஒருவன் எவ்வாறு பேசுவான் என்று கேட்டால், தவறிய பாடத்தின் பக்கமே மனம் சாய்கின்றது.

அந்நூலின் ஒழுங்குப்படி 150 சங்கீதங்களும் 30 நாளுக்குப் பகிரப்பட்டுள்ளன. 139ஆவது, மாதத்தின் 29ஆம் நாட் காலை வழிபாட்டுக்குரியது. ஆகவே பழைய நூலைக் கைவிடாத தேவாலயங்களில் மாதம் ஒருமுறை, அப்பாலும் இப்பாலும் துணைச்சொல் எதுவுமின்றி, ‘ஒருவேளை’ என்ற தன் பழைய பொருளிலேயே அச்சொல் உரத்து வாசிக்கப்படுகின்றது. பெப்ரவரியில் மாத்திரம், நான்காண்டுக்கு ஒருமுறை.